ஆரி கற்ற கைக்கு மணிக்கு எவ்வளவு? ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைத்தெருவில் நடந்தாலும் 'ஆரி ஒர்க் கற்றுத் தரப்படும்' என்ற பலகை ஒன்றாவது கண்ணில் படும். கொக்கி ஊசியால் பிளவுஸ் துணியில் பூவேலை போடுவதுதான் ஆரி. இருபது நாள் வகுப்பு, ஐம்பது தையல், முடிவில் சான்றிதழ். சேர்பவர்களில் பெரும்பாலோர் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, நடுவில் கிடைக்கும் நேரத்தில் கையில் நாலு காசு வரட்டும் என்று வருகிறவர்கள். வகுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டால் கற்றுக்கொடுத்தவர்களே பதில் சொல்லத் தயங்குவார்கள். கை பழகாதது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் வேறு: ஆர்டர் பிடிப்பதிலிருந்து பணம் கைக்கு வருவது வரை ஒரு பிளவுஸை முழுதாக ஒரு முறைகூட வகுப்பில் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் இந்த ஆய்வு ஒரே ஒரு பிளவுஸைப் பின்தொடர்கிறது. நடுத்தரமான கல்யாண பிளவுஸ். முன்கழுத்து, பின்கழுத்து, இரண்டு கை. பரிசப் புடவைக்கோ முகூர்த்தத்துக்கு மறுநாள் புடவைக்கோ போடுகிற தரம். கீழே வரும் மணி நேரமும் ரூபாயும், தொழிலுக்குப் புதிதாக வரும் ஒருவரை மனதில் வைத்துப் போட்ட மாதிரிக் கணக்கு. விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை எங்கும் ஒன்றுதான்.

முன்பு நடந்தது

வீட்டுப் பெண்களுக்குக் கைவேலை கற்றுக்கொடுத்து வருமானத்துக்கு வழி செய்வது புது யோசனை அல்ல. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், தன் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாகப் பிறந்திருந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன.

லேஸ் வேலை மிஷன் வழியாகவே வந்த ஆந்திராவின் நரசாபூரில் கதை வேறு மாதிரி முடிந்தது. அங்கே குரோஷே லேஸ் ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்தது. ஆனால் நூல் கொடுத்துச் சரக்கு வாங்கும் இடைத்தரகர் வழியாகத்தான் எல்லாம் நடந்தது. 1970களின் இறுதியில் ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்தபோது, வீட்டுவேலை போக ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் பின்னிய பெண்களுக்குக் கிடைத்தது விவசாயக் கூலியைவிடக் குறைவு என்று கண்டார். வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறார்கள் என்று வியாபாரிகளும் சொன்னார்கள். வீட்டு ஆண்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நேரத்துக்கு விலை இல்லை என்று ஆன பிறகு கூலி எங்கிருந்து ஏறும்?

ஆரி வேலை தமிழ்நாட்டுக்கு வந்த வழி வேறு. கட்ச் பகுதியில் தோல் தைத்த மோச்சி சமூகத்தாரின் கொக்கி ஊசி துணிக்கு மாறியது. உத்தரப் பிரதேசத்தின் பரேலி, லக்னோ கைவினைஞர்கள் வழியாகப் பெருநகரப் பொட்டிக்குகளுக்கு (நவீன ஆடைக் கடைகளுக்கு) வந்தது. ஆந்திராவில் மக்கம் ஒர்க் என்ற பெயரில் பரவி, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நம் ஊர்க் கல்யாணங்களில் கட்டாயச் செலவாகவே ஆகிவிட்டது. சந்தை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சந்தையில் வீட்டுப் பெண் எந்தக் கூலியில் நிற்கிறாள் என்பதில் நரசாபூரின் நிழல் இருக்கிறது.

வகுப்பில் என்ன இருக்க வேண்டும்

நேரத்தில் தொடங்கலாம். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை வைக்கிற வகுப்புக்கு இல்லத்தரசிகள் முதல் வாரம் வருவார்கள், மூன்றாம் வாரம் பாதிப்பேர்தான் இருப்பார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிச் சமையலையும் முடித்த பிறகு, பத்தரையிலிருந்து ஒரு மணி வரை என்பதுதான் ஓடுகிற நேரம். ஒரு பயிற்றுநருக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது. ஆரியில் தப்பு நடப்பது துணிக்கு அடியில், இடது கையில். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஐம்பது தையல் என்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். சாம்பிள் துணியில் ஐம்பதையும் போட்டு நோட்டில் ஒட்டிக்கொண்டு போகிறவருக்கு ஒன்றிலும் வேகம் வந்திருக்காது. வாடிக்கையாளர் கேட்பதில் பெரும்பகுதியை எட்டு வேலைகளில் அடக்கிவிடலாம்: சங்கிலித் தையல், அதையே நெருக்கிப் போடும் நிரப்புத் தையல், மணி கோப்பது, சமிக்கி, குழாய் மணி, ஜர்தோசி என்ற சுருள் கம்பியில் போடும் இலை, குந்தன் கல்லைச் சுற்றிக் கட்டுவது, தனித்தனியாகப் போடும் சின்னப் பூவான புட்டா. இந்த எட்டும் கையில் ஓட வேண்டும். மற்றதை ஆர்டர் வரும்போது ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று: துணியை இழுத்துக் கட்டும் ஃபிரேம் வீட்டுக்குப் போக வேண்டும். வகுப்பில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டில் ஊசியைத் தொடாதவருக்கு மறுநாள் காலை கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வட்ட ஃபிரேமும் ஸ்டாண்டும் இரண்டு ஊசியும் முன்பணம் வாங்கிக்கொண்டாவது கொடுத்தனுப்புவது நல்லது. முடித்ததும் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தரலாம். பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள், அதுவே நல்ல அறிகுறி.

ஊசி

முதல் வாரம் முழுக்கச் சங்கிலித் தையல் மட்டும். இதில் அவசரப்படுகிற வகுப்பு பின்னால் எல்லாவற்றிலும் தடுமாறும்.

வலது கையில் ஊசி மேலே, இடது கையில் நூல் கீழே. ஊசியைக் குத்தி இறக்கியதும் இடது கை நூலைக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஊசியை அரைச் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் ஒரு வளையம் வரும். அந்த வளையத்துக்குள்ளேயே அடுத்த குத்து. சொல்ல இவ்வளவுதான். புதியவருக்கு முதலில் வரும் தொல்லை, ஊசி மேலே வரும்போது கொக்கி துணியையும் சேர்த்து இழுப்பது. கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாததால் வருவது இது. கைப்பிடியில் ஊசியை இறுக்கும் திருகு இருக்கும்; ஊசியைப் பொருத்தும்போதே கொக்கியின் வாயும் திருகும் ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்துவிட்டால், துணிக்கு அடியில் போன கொக்கியின் திசையை மேலிருந்தே விரலால் அறியலாம். மேலே இழுக்கும்போது ஊசியின் முதுகு துணியை லேசாகத் தள்ள வேண்டும். துளை சற்றுத் திறக்கும், கொக்கி சிக்காமல் வரும். பட்டில் இழை பறிந்து நிற்பதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம். ஊசியைக் குறை சொல்வார்கள், ஊசி நன்றாகவே இருக்கும்.

இரண்டாவது தொல்லை, வரிசையை முடிக்கும் இடம். சங்கிலித் தையல் முழுக்க ஒரே நூல். கடைசி வளையம் பூட்டப்படாவிட்டால் ஒரு முனையை இழுத்ததும் கழுத்து முழுவதும் சரசரவென்று அவிழ்ந்துவிடும். கல்யாண மண்டபத்தில் பிளவுஸ் அவிழ்ந்தது என்று வருகிற புகாருக்குப் பின்னால் இருப்பது இந்த ஒரு முடிச்சுதான். கடைசியில் இரண்டு மூன்று மிகச் சிறிய தையல் பின்னோக்கிப் போட்டு, வளையத்தைக் கீழே இழுத்து, துணியின் பின்புறம் முடிச்சிட வேண்டும். பயிற்றுநர் ஒவ்வொரு வரிசையின் முனையையும் இழுத்துப் பார்த்துத்தான் சரி என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் கண்டிப்பாகத் தெரியும், பரவாயில்லை.

மணிக்கு வேறு ஊசி வேண்டும். மணியின் துளைக்குள் நுழையும் அளவு மெல்லியது. நாலைந்து மணியை ஊசித்தண்டில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு குத்துக்கும் ஒன்றை இறக்கி வளையத்தோடு பிடித்துப்போவது முறை. இங்கே நூல் தேர்வு முக்கியம். வெட்டுமணியின் ஓரம் கூர்மையாக இருப்பதால் பட்டு நூலை மெல்ல அறுத்துவிடும். மணிக்குப் பாலியெஸ்டர் நூலை இரட்டையாக எடுப்பது பாதுகாப்பு. ஐந்தாறு மணிக்கு ஒரு முறை பூட்டுத் தையல் போட்டால், எங்காவது அறுந்தாலும் ஐந்து மணியோடு போகும். போடாவிட்டால் வரிசையே கொட்டும்.

ஜர்தோசி ஆரி ஊசி வேலை அல்ல, மெல்லிய கைத்தையல் ஊசி வேலை. சுருள் கம்பியைத் தேவையான நீளத்துக்குச் சின்னக் கத்தரியால் வெட்டி, மணியைப் போலக் கோத்துத் தைப்பது. வெட்டிய துண்டு இடத்தைவிட நீளமாக இருந்தால் நடுவில் தூக்கும்; குட்டையாக இருந்தால் நூல் தெரியும். இழுத்து நீட்டிச் சரிசெய்யப் பார்த்தால் சுருள் பிரிந்து பல்லிளிக்கும். அதனால் ஒரு இலைக்கு வேண்டிய எல்லாத் துண்டையும் முதலில் வெட்டி வைக்காமல், இரண்டு மூன்று வெட்டித் தைத்துப் பார்த்து மேலே போவது நல்லது. நூலில் மெழுகு தடவிக்கொண்டால் சிக்காது. மலிவான ஜர்தோசி வியர்வை பட்டால் சில மாதத்திலேயே கறுக்கும். இதை ஆர்டர் வாங்கும்போதே வாடிக்கையாளருக்குச் சொல்லி, இரண்டு தரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிடுவது பிற்பாடு வரும் சண்டையைத் தவிர்க்கும்.

துணி ஃபிரேமுக்கு ஏறும் முன்

ஆரி பிளவுஸில் துணியை வெட்டுவது கடைசி. ஒரு மீட்டர் துணியில் முதலில் பிளவுஸின் வடிவத்தை வரைந்து, வேலையை முடித்து, பிறகுதான் டெய்லரிடம் போக வேண்டும். வரைவதை யார் செய்வது என்பதில்தான் பல ஆர்டர்கள் கெடுகின்றன. அளவு பிளவுஸைப் பார்த்து ஆரி போடுகிறவரே வரைந்தால், டெய்லரின் வெட்டு வேறாக இருக்கும். கழுத்து வேலை அரை அங்குலம் தோள்பக்கம் ஏறி நிற்கும். தைக்கப்போகிற டெய்லரிடமே துணியைக் கொடுத்துத் தையல் கோடு, வெட்டுக் கோடு இரண்டையும் குறிக்கச் சொல்வதுதான் முறை. அதற்கு ஒரு சிறு தொகை அவருக்குக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

கழுத்தில், தையல் கோட்டிலிருந்து கால் முதல் அரை அங்குலம் பிளவுஸுக்கு உள்ளே தள்ளி வேலையைத் தொடங்க வேண்டும். பைப்பிங் என்ற ஓரப்பட்டி போட இடம் வேண்டும். கையின் பக்கத் தையலில் இரு புறமும் ஓர் அங்குலம் வெறுமையாக விட வேண்டும். அங்கே ஒரு கல் இருந்தாலும் மெஷின் ஊசி உடையும். உடைந்த முனை கண்ணுக்குத் தெறிப்பதும் உண்டு. உடலுக்குப் பொருந்த டார்ட் மடிப்பு பிடிக்கும் இடத்திலும் மணி கூடாது. பிற்பாடு உடல் பெருத்தால் பிரித்துத் தைக்க உள்ளே துணி விடுவது நம் ஊர் வழக்கம். அந்த மடிப்பு எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு வடிவத்தை முடிக்க வேண்டும்.

பிளவுஸ் துணியை நாலு கட்டை கொண்ட பெரிய ஃபிரேமில் கட்டும்போது பட்டுத் துணியிலேயே நேராகக் குத்திக் கயிறு கோக்கக் கூடாது, கிழியும். நான்கு ஓரத்திலும் கெட்டியான பருத்தித் துணிப் பட்டியைத் தைத்து, அந்தப் பட்டியில் ஓர் அங்குலத்துக்கு ஒரு குத்தாகக் கயிறு கோத்துக் கட்டையோடு இழுத்துக் கட்ட வேண்டும். ஊடும் பாவும் நேராக நிற்கிறதா என்று பார்த்து இழுக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் அதிகமாக இழுபட்டால் ஃபிரேமில் இருக்கும்வரை எல்லாம் அழகாகத் தெரியும். அவிழ்த்ததும் கழுத்து ஒரு பக்கம் சாயும், வேலையைச் சுற்றித் துணி சுருங்கும். கட்டி முடித்து விரலால் சுண்டினால் பறைத்தோல் போல 'டக்' என்று சொல்ல வேண்டும்.

வடிவம் இறக்கப் பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் மெல்லிய ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் கரைத்த ஜிங்க் ஆக்சைடு பவுடரைப் பஞ்சால் தடவ வேண்டும். வெளிர்நிறத் துணிக்கு வெள்ளைப் பவுடருக்குப் பதில் நீலம். மண்ணெண்ணெய் கூடினால் கரைசல் துளையை விட்டுப் பரவிக் கோடு பட்டையாகும். பஞ்சைப் பிழிந்துவிட்டுத் தடவுவது இதற்காக. மஞ்சள் கார்பன் வைத்து வரைவது வேகம்தான். ஆனால் வெளிர் பட்டில் கோடு வேலைக்கு வெளியே தெரிந்தால் அழிக்க முடியாது. துளையிட்ட காகிதத்தைத் துடைத்து எண் போட்டு வைத்தால் அடுத்த ஆர்டருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். இரண்டு வருடத்தில் அதுவே ஒரு டிசைன் ஆல்பம் ஆகிவிடும்.

அடர் சிவப்பு, கரும்பச்சை நூல்களை ஈர வெள்ளைத் துணியில் ஒரு முறை தேய்த்துப் பார்க்காமல் வெளிர் பட்டில் வைக்கக் கூடாது. குந்தனுக்குப் பசை ஒரு கடுகளவு போதும். பசை கல்லுக்கு வெளியே கசிந்து பட்டில் இறங்கினால் அந்தக் கறை நிரந்தரம். ஒட்டிய பிறகு ஓர் இரவு காய விட்டு, மறுநாள் சுற்றிலும் கட்ட வேண்டும். முடிந்த துணியை அயர்ன் செய்வதானால் துவாலைமேல் கவிழ்த்துப் பின்புறம் மட்டும், மிதமான சூட்டில்.

கணக்கு

பின்கழுத்து ஒன்பது அங்குல ஆழம் என்றால் அதன் சுற்றோட்டம் ஏறக்குறைய 24 அங்குலம். முன்கழுத்து 18. கைக்கு 12 வீதம் 24. மொத்த பார்டர் 66 அங்குலம். இந்த பிளவுஸில் மூன்று வரிசை சங்கிலித் தையலும் ஒரு வரிசை மணியும் ஓடுகின்றன என்று வைப்போம். அதோடு 30 ஜர்தோசி இலை, 60 குந்தன் கல், இரண்டு கையிலுமாக 40 புட்டா.

சங்கிலி 198 அங்குலம். அங்குலத்துக்கு ஒரு நிமிடம் என்றால் 3 மணி 18 நிமிடம். மணி வரிசை அங்குலத்துக்கு ஒன்றரை நிமிடம் வீதம் 1 மணி 39 நிமிடம். இலை ஒன்றுக்கு 8 நிமிடம், ஆக 4 மணி. கல் ஒன்றுக்கு ஒரு நிமிடம், 1 மணி. புட்டாவுக்கு 4 நிமிடம், 2 மணி 40 நிமிடம். ஊசி வேலை மட்டும் 12 மணி 37 நிமிடம். இந்த அங்குல நேரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. வகுப்பின் கடைசி வாரத்தில் ஒவ்வொருவரும் செல்போனில் நேரம் வைத்து மூன்று முறை அளந்து, சராசரியைத் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சான்றிதழைவிட அந்தப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

ஊசி வேலை இல்லாத நேரத்தையும் எழுத வேண்டும். ஃபிரேம் கட்ட 1 மணி. குறித்து டிரேசிங் எடுக்க ஒன்றரை. பின்புற முடிச்சு, நூல் வெட்டு, சரிபார்ப்பு முக்கால் மணி. வாடிக்கையாளரோடு பேசி, புடவைக்கு நிறம் பார்த்து, கடைக்குப் போய்வர 2 மணி. இதுவே 5 மணி 15 நிமிடம். ஆக மொத்தம் ஏறக்குறைய 18 மணி நேரம்.

பொருள் 450 ரூபாய் ஆகிறது, வாடிக்கையாளர் 1,800 தருகிறார் என்றால் மிச்சம் 1,350. பலரும் ஊசி பிடித்த நேரத்தை மட்டும் எண்ணி மணிக்கு 107 ரூபாய் என்று மகிழ்ந்துகொள்வார்கள். உண்மையில் 75. இது கெட்ட கூலி அல்ல. எட்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய். ஆனால் அதே பிளவுஸை 1,000 ரூபாய்க்கு இறங்கி ஒப்புக்கொண்டால் மிச்சம் 550, மணிக்கு 30 ரூபாய்க்குச் சற்று மேல், எட்டு மணி நேரத்துக்கு 244 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த நாள் கூலியே 336. கழுத்து வலிக்க, கண் எரியப் பட்டில் தங்க ஜரிகை போட்ட கைக்கு அதுகூட இல்லை. நரசாபூரில் நடந்தது இதுதான், வேறொன்றும் இல்லை.

இல்லத்தரசிக்கு நாளுக்கு மூன்றரை மணி நேரம் கிடைத்தால் ஒரு பிளவுஸுக்கு ஐந்து நாளுக்கு மேல் ஆகும். விருந்தாளி, காய்ச்சல், பரீட்சை எல்லாம் போக மாதம் நான்கு முடித்தால் 5,400 ரூபாய். 'மாதம் 30,000 சம்பாதியுங்கள்' என்று போடுகிற விளம்பரத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை முதல் நாளே கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட வேண்டும். வேகம் கூடினால் கணக்கு மாறும்: ஊசி வேலை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் மொத்தம் பதினாலு மணி நேரத்துக்குள் வரும், மணிக்கு நூறைத் தொடும். கூடுதல் டிசைன் கற்பதைவிட இது லாபம்.

விலை பேசுவது

தொழில் தெரிந்த பெண் தடுக்கி விழும் இடம் இது. முதல் வாடிக்கையாளர் எப்போதும் உறவு. "நம்ம வீட்டுக் கல்யாணந்தானே, உனக்கென்ன, சும்மா இருக்கிற நேரத்துல போட்டுக் குடுத்துடும்மா" என்று சித்தி சொன்னால் மறுபேச்சு கிடையாது. மறுக்கச் சொல்லிக்கொடுத்தால் நடக்காது, உறவு கெடும். ஓடுகிற வழி ஒன்று உண்டு: "சாமான் காசு மட்டும் குடுங்க சித்தி, கூலி என் மொய்யா இருக்கட்டும்" என்று சொல்லி, கூலி எவ்வளவு என்பதையும் சீட்டில் எழுதியே கொடுப்பது. சித்தி அதை மற்றவர்களிடம் காட்டும்போது 1,350 என்ற எண்ணும் சேர்ந்து போகும். அடுத்து வருகிறவர் இலவசம் என்று நினைத்து வர மாட்டார்.

ஆர்டர் சீட்டு இல்லாமல் துணி வாங்கக் கூடாது. புடவை நிறம், வேலை எங்கெங்கே, எத்தனை வரிசை, எந்தத் தர ஜர்தோசி, கொடுக்கும் தேதி, டெய்லர் யார், முன்பணம். பாதியை முன்பணமாக வாங்குவது நியாயமானது. பொருளுக்கும் ஓரளவு உழைப்புக்கும் காப்பு. நடுவில் "அக்கா, இன்னும் கொஞ்சம் கல் வெச்சிடுங்களேன்" என்று போன் வரும். சீட்டில் 60 என்று இருந்தால்தான் அறுபத்தொன்றாவது கல்லுக்கு விலை சொல்ல முடியும். தேதியை முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் எழுத வேண்டும். டெய்லருக்கு அவகாசம் வேண்டும், உங்கள் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவும் இடம் வேண்டும்.

பொட்டிக்கிலிருந்து வரும் கூலி வேலையைச் சிலர் கேவலமாகப் பேசுவார்கள். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. துணியும் சாமானும் டிரேசிங்கும் அவர்களுடையது என்றால் ஊசி வேலை, ஃபிரேம், முடிப்பு, போய்வர எல்லாம் சேர்த்து 15 மணி நேரம். 1,000 ரூபாய் தந்தால் மணிக்கு 67. நேரடி ஆர்டரின் 75க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. முதல் வருடம் கை வேகத்துக்கு இதைவிட நல்ல பயிற்சியும் இல்லை. பார்க்க வேண்டியது இரண்டு: ஒப்படைத்த அன்றே பணமா, மாதக் கடைசியா; சரியில்லை என்று திருப்பினால் பிரித்துப் போடும் கூலி யாருடையது. இரண்டையும் பேசாமல் எடுத்த கூலி வேலைதான் கசக்கும்.

வேலை இல்லாத மாதங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. வருமானம் வருடம் முழுக்க ஒரே சீராக வரும் என்று கடன் தவணை கட்ட ஒப்புக்கொண்டவர்கள் ஆடியில் மாட்டிக்கொள்வார்கள். வாரத் தவணை நுண்கடன் வாங்கிச் சாமான் நிரப்புவது இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது. முன்பணமே பொருளுக்குப் போதும் என்பதால் தொடக்கத்தில் கடனே தேவையில்லை. வெற்று மாதங்களில் ஆவணிக்கான சாம்பிள் போடலாம். பழைய பிளவுஸில் மணி உதிர்ந்ததைச் சரிசெய்து கொடுக்கலாம். இந்தப் பழுதுவேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, கம்ப்யூட்டர் எம்பிராய்டரியும் இதில் போட்டிக்கு வராது.

பயிற்சிக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய முறையைப் பின்பற்றி, மாவட்டந்தோறும் வங்கிகள் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை நடத்துகின்றன. பயிற்சி, உணவு இலவசம். அந்த முறையில் நல்ல அம்சம் இலவசம் அல்ல. பயிற்சி முடிந்த பிறகு இரண்டு வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற விதி. தனியார் வகுப்பு நடத்துகிறவர்களும் இதைப் பின்பற்றலாம். மூன்றாம் மாதம் ஒரு முறை, ஆறாம் மாதம் ஒரு முறை எல்லோரையும் நோட்டோடு வரச் சொல்லி, அங்குல நேரம் குறைந்திருக்கிறதா, மணிக்கூலி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. பணம் யார் கணக்கில் வருகிறது என்றும் கேட்க வேண்டும். கூகுள் பே கணவர் போனில் இருந்தால் சம்பாதித்த பெண்ணுக்குத் தன் கூலி எவ்வளவு என்பதே தெரியாமல் போகும். தன் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் இணைத்த தன் செல்போன் எண் என்பது வகுப்பின் முதல் வாரத்திலேயே முடிய வேண்டிய வேலை.

சேர்ந்து செய்வது பற்றி ஒரு குறிப்பு. முகூர்த்த பிளவுஸ் போன்ற பெரிய வேலை அறுபது எழுபது மணி நேரம் எடுக்கும். ஒருவரால் பதினைந்து நாளில் முடியாது, மூன்று பேர் பங்கிட்டால் முடியும். ஆனால் ஒவ்வொரு கைக்கும் தையல் நீளம் வேறு. வலது கையை ஒருவரும் இடது கையை இன்னொருவரும் போட்டால், மணப்பெண் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடும்போது வித்தியாசம் போட்டோவில் தெரியும். பங்கிடுவது வேலை வகையில் இருக்க வேண்டும்: எல்லா இடத்துச் சங்கிலியும் ஒருவர், எல்லா ஜர்தோசியும் ஒருவர், மணியும் கல்லும் ஒருவர். கூலியையும் தலைக்குச் சமமாகப் பிரிக்காமல் அவரவர் அங்குல நேரப்படி பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜர்தோசி போட்டவர் அடுத்த ஆர்டருக்கு வர மாட்டார்.